கடைசிப் பக்கத்துல இருந்து திருப்புங்க, டீச்சரம்மா

வாங்க டீச்சரம்மா, வாங்க. இந்தக் கல்லுல உக்காருங்க. அது வேப்ப நிழல்ல கெடக்கிற கல்லு, சுடாது. இந்தாங்க மோரு. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், இந்த வெயிலுக்கு அது நல்லதுதான்.

பேரன் கட்டுரை நோட்டு வைக்கலைன்னுதானே சனிக்கிழமையும் அதுவுமா வண்டியை எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க? தெரியும். வகுப்புல முப்பத்திரண்டு புள்ளைக. முப்பத்தொண்ணு வச்சாச்சு, இவன் ஒருத்தன்தான் பாக்கி. பய ஆட்டைப் பத்திக்கிட்டுக் கம்மாக்கரைப் பக்கம் போயிருக்கான். பொழுது சாயத்தான் வருவான், அதுக்குள்ள பேசிக்கிருவோம்.

தலைப்பு என்ன குடுத்தீங்க? ‘நான் விரும்பும் நூல்’. நல்ல தலைப்பு தாயி, நான் கொறை சொல்லலை. குடுத்த கையோட போர்டுல குறிப்பும் எழுதிப் போட்டீங்களாமே: முன்னுரை, நூலாசிரியர், நூலின் சிறப்பு, என்னைக் கவர்ந்த பகுதி, முடிவுரை. அதுக்கு மேல, புள்ளைக திணறக் கூடாதேன்னு, எந்த நூலை விரும்பணும்னும் நீங்களே சொல்லிட்டீங்க. திருக்குறள். ஆக, ஒரே நாள்ல ஒரே பீரியட்ல முப்பத்தொரு புள்ளைக திருக்குறளை விரும்பிருச்சு. 1330 குறளையும் விரும்பின புள்ளைகள்ல ஒண்ணைக் கூப்புட்டுப் பத்துக் குறள் சொல்லச் சொல்லுங்க, பாப்போம். வள்ளுவரே வந்து அந்த நோட்டுகளைப் பாத்தாருன்னா, ‘அடடா, இம்புட்டுப் பேரு ஒரே மாதிரி என்மேல ஆசைப்படுறாங்களே, என்ன தப்புப் பண்ணேன்’னு கூச்சப்பட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

என் பேரன் அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட வந்து கேட்டான். “தாத்தா, எனக்கு விரும்புற நூல்னு ஒண்ணும் இல்லையே. பொய் எழுதவா, வேண்டாமா?” நான் என்னத்தச் சொல்ல? எழுதுடான்னா பொய் சொல்லச் சொல்லிக் குடுத்தவனாவேன், எழுதாதடான்னா டீச்சரம்மா கோவிச்சுக்கிருவீங்க. “தூங்குடா”ன்னு சொல்லிட்டேன். எழுபத்தேழு வயசுல நான் கத்துக்கிட்ட பதில் அது ஒண்ணுதான்.

சரி, விரும்புறதுக்கு நூல் எங்கன இருக்கு? உங்க பள்ளிக்கூடத்துல இருக்கு. பச்சைப் பெயிண்டு அடிச்ச இரும்பு பீரோ, பெரிய சார்வாள் ரூமுல, கொடிக்கம்பத்துக் கயித்துக்குப் பக்கத்துல. சாவி அவரு இடுப்புல. ஒரு புஸ்தகம் காணாமப் போனா இருப்புப் பதிவேட்டுல யாரு பதில் சொல்றது, யாரு கையில இருந்து காசு கட்டுறதுன்னு அவருக்குப் பயம். அந்தப் பயமும் நியாயம்தான். ஆனா கரையானுக்கு அந்தப் பயமெல்லாம் கெடையாது பாத்துக்கோங்க. அது சாவி கேக்கிறதில்லை. அட்டையில ஆரம்பிச்சு முடிவுரை வரைக்கும் ஒரு வரி விடாமப் படிச்சு முடிச்சிருது. உங்க பள்ளிக்கூடத்துலயே பெரிய வாசகர் அதுதான்.

சர்க்காரு ஒண்ணும் சும்மா இருக்கலை, அதையும் சொல்லணும். வாசிப்பு இயக்கம்னு சின்னச் சின்னப் புஸ்தகமா அச்சடிச்சு விட்டாங்கள்லா? நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. பேரு வச்சவன் கெட்டிக்காரன். பேரன் ஒண்ணைக் கொண்டாந்து காட்டினான், படம் போட்டு, ஒரே மூச்சுல படிச்சிரலாம். ஆனா ‘நட’ புஸ்தகம் படிக்கிற பய ஆசைப்பட்டு ‘பற’ புஸ்தகத்தை எடுத்தா, ‘ஏலே, அது உனக்கில்லை, வையி’ன்னு ஒரு சத்தம் வருதாம். நீங்க இல்லை தாயி, நான் பொதுவாச் சொல்றேன். நடக்கிற புள்ளை பறந்து பாத்து விழட்டுமே. ‘பற’ படிக்கிறவன் ஒரு நாளு சோம்பலுக்கு ‘நுழை’க்குள்ள நுழையட்டுமே. நானும் அப்பப்ப கட்டில்ல இருந்து எறங்கித் தரையில படுக்கிறேன்; அதுக்காக எனக்குத் தரம் கொறைஞ்சு போச்சா?

நான் எழுத்துக் கூட்டிப் படிச்ச கதை தெரியுமா உங்களுக்கு? அஞ்சாங்கிளாஸ் முடிக்கையில எனக்கு என் பேரு மட்டுந்தான் எழுதத் தெரியும். அதுலயும் ஒரு கொம்பு விட்டுப்போவும். நான் படிச்சதெல்லாம் டீக்கடையில. தினத்தந்தி மதுரையில 1942-ல ஆரம்பிச்ச பேப்பரு, எனக்கு மூத்தது. 1960-ல அதுல கன்னித்தீவு வந்துச்சு, நாளைக்கு ஒரு துண்டு, படத்தோட. எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. சிந்துபாத்துக்கு இன்னிக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம ஆட்டைப் பத்த மனசு வராது. படத்தைப் பாத்து, எழுத்தைக் கூட்டி, தெரியாததைப் பக்கத்துல இருக்கிறவன்கிட்டக் கேட்டு, ஒரு மழைக்காலம் முடியிறதுக்குள்ள வாசிக்க வந்துருச்சு. அது இன்னும் முடியலைங்கிறாங்க. நான் முடிஞ்சு போவேன், சிந்துபாத்து முடியமாட்டான்.

டீக்கடையில பேப்பரு வந்ததும் என்ன நடக்கும்? முழுப் பேப்பரை ஒருத்தன் வச்சிருக்கவே முடியாது. தாள் தாளாப் பிரிஞ்சிரும். ஒருத்தனுக்குக் கொலைக் கேசு, ஒருத்தனுக்குத் தங்கம் விலை. சினிமா விளம்பரத்தை மட்டும் பாத்துட்டு எந்திரிச்சுப் போறவன் உண்டு. எங்க பெரியப்பா செத்தவங்க விளம்பரத்தை மட்டும் படிப்பாரு, ‘நம்ம பேரு இல்லை’ன்னு சொல்லிட்டு டீயைக் குடிப்பாரு. யாரும் யாருக்கும் ‘இந்தப் பக்கத்தைத்தான் படிக்கணும்’னு சொன்னதில்லை. அப்படியே ஊருல பாதிப் பேருக்கு வாசிக்க வந்துச்சு. இதுவே டீக்கடைக்காரரு, ‘படிச்சவங்கெல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்பிட்டு, ரெண்டு குறுவினாவுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் டீ வாங்கணும்’னு சொல்லியிருந்தா? ஒரே வாரத்துல கடையை எடுத்திருப்பாரு, எங்க ஊரும் கைநாட்டாவே கெடந்திருக்கும்.

ஆனா பாருங்க, இம்புட்டும் தெரிஞ்ச நான் என் மகனுக்கு என்ன செஞ்சேன்? அந்தக் கூத்தையும் சொல்லிருறேன். இந்தா சிவகாசியில முத்து காமிக்ஸ்னு 1972-லேயே போட ஆரம்பிச்சாங்க, மொதப் புஸ்தகம் இரும்புக்கை மாயாவி. என் மகன் அதைப் பழைய புஸ்தகக் கடையில வாங்கி, பூகோளப் புஸ்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிப்பான். ஒரு நா பிடிச்சுட்டேன். நாலு சாத்துச் சாத்தி, அடுப்புல போட்டேன். அடுப்பு எரியுது, அவன் அழுவுறான், நான் என்ன பண்றேன்? எரியிறதுக்கு முந்தி கடைசிப் பக்கத்தைக் குச்சியால திருப்பி, மாயாவி தப்பிச்சானான்னு பாக்கேன். அவன் அன்னிக்குப் படிப்பை விட்டவன்தான். இன்னிக்குத் திருப்பூருல இருக்கான். போன்ல வர்றதைத் தவிர ஒண்ணும் படிக்கிறதில்லை. அதனால உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தகுதி இல்லாதவந்தான் ஓசியாப் புத்தி சொல்லுவான், தகுதி உள்ளவன் பீசு வாங்குவான்.

என் பேத்தி பி.எட். படிக்கா, திருநெவேலியில. அவ போன்ல வச்சுச் சொன்னா. அமெரிக்காவுல மெய்ன்னு ஒரு மாகாணமாம், அங்க நான்சி ஆட்வெல்னு ஒரு டீச்சரம்மா. என்ன படிக்கிறதுன்னும் புள்ளைதான் முடிவு பண்ணுமாம், என்ன எழுதுறதுன்னும் புள்ளைதான் முடிவு பண்ணுமாம். சராசரியாப் பாத்தா ஒரு புள்ளை வருசத்துக்கு 40 புஸ்தகம் படிச்சுச்சாம். 2015-ல உலகத்துக்கே நல்ல டீச்சருன்னு மொத மொதல்ல ஒரு பரிசு குடுத்தாங்க, 10 லட்சம் டாலரு. அந்தம்மா அதை வாங்கித் தன் பள்ளிக்கூடத்துக்கே குடுத்துருச்சு. எனக்குப் பிடிச்சது அது இல்லை. அந்தம்மாவும் மொதல்ல பெரிய மேசைக்குப் பின்னாடி உக்காந்து, எல்லாருக்கும் தானே தலைப்புக் குடுத்துக்கிட்டு, தான் செய்யிறதுதான் சரின்னு இருந்தவதானாம். பெறகுதான் மேசையை விட்டு எந்திரிச்சு வந்துச்சாம். அதையும் மறைக்காம 1987-ல புஸ்தகமா எழுதி வச்சிருக்கு. ஆக, உங்களுக்கும் இன்னும் நேரம் இருக்கு.

இன்னொருத்தர் பிரான்சு தேசத்து வாத்தியாரு, டேனியல் பென்னாக்குன்னு பேரு. 1992-ல அவரு எழுதின புஸ்தகத்துல, படிக்கிறவனுக்குப் பத்து உரிமை இருக்குன்னு போட்டிருக்காராம். மொத உரிமை என்ன தெரியுமா? படிக்காம இருக்கிறதுக்கு! அந்த உரிமையை நம்ம ஊருல நாங்க யாரும் எழுதிக் குடுக்காமலே முழுசா அனுபவிச்சுக்கிட்டு இருக்கோம்.

‘நாங்களும் புள்ளைகளுக்கு இஷ்டப்பட்டதை எடுத்துக்கச் சொல்றோமே தாத்தா, பரிட்சையில’ன்னு நீங்க கேக்கலாம். ஆமா, ‘ஏதேனும் ஐந்தனுக்கு மட்டும் விடையளி’. எதை விடுறதுன்னு தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் தாராளமா இருக்கு. மூணு தலைப்புக் குடுத்து ஒண்ணை எழுதச் சொல்றதும் உண்டு: மரம் வளர்ப்போம், மழைநீர் சேகரிப்போம், நெகிழியை ஒழிப்போம். இது எப்படி இருக்குன்னா, கல்யாண வீட்டுல ‘என்ன வேணாலும் கேளுங்க மாமா’ன்னு சொல்லி, ரவை உப்புமா, சேமியா உப்புமா, அரிசி உப்புமான்னு மூணு ஏனத்தைத் தூக்கிட்டு வந்த மாதிரி.

எதுத்த வீட்டுப் புள்ளை பத்தாங்கிளாஸ். ராத்திரி பகலா ஒரு கடுதாசியை மனப்பாடம் பண்ணுச்சு. ஓட்டல்ல சாப்பிட்டேன், சாப்பாடு தரமில்லை, வெலை கூடன்னு உணவு பாதுகாப்பு ஆணையருக்குப் புகாரு. அந்தப் புள்ளை ஓட்டல் வாசல் மிதிச்சதே ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் ‘புரோட்டா அருமை தாத்தா’ன்னு சொல்லிக்கிட்டு வந்தவ. தமிழ்நாடு பூரா இப்படி எம்புட்டுப் புள்ளைக சாப்பிடாத சாப்பாட்டுக்குப் புகாரு எழுதுதோ! ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ன்னு ஒரு படம் வருமாமே. அதுக்கும் ஒரு அஞ்சு வரிப் பாட்டை முன்கூட்டியே தயாரா வச்சிருக்கா. படம் மாடா இருந்தாலும் அதே பாட்டு, மரமா இருந்தாலும் அதே பாட்டு. கண்ணை மூடிக்கிட்டுக் காட்சியைக் கண்டவ அவ ஒருத்திதான்.

நான் அவகிட்டச் சொன்னேன்: ‘ஆத்தா, புகாரு எழுதணும்னா நமக்கா பஞ்சம்? காலையில வர்ற பஸ்சு நம்ம ஊரு விலக்குல நிக்காமப் போவுதுல்லா, அதை எழுது.’ எழுதினா. ஒரு நா பூரா யோசிச்சு, எந்தெந்தத் தேதியில நிக்காமப் போச்சுன்னு கணக்கெடுத்து, மழையில நனைஞ்ச வயசாளி ஒருத்தரை நடுவுல சேத்து (அது நாந்தான்), தபால்ல போட்டா. அதுல ரெண்டு எழுத்துப் பிழை. பஸ்சு பதினொரு நா நின்னுச்சு. பன்னெண்டாம் நா பழையபடி பறந்துருச்சு. ‘இப்ப என்ன தாத்தா செய்ய?’ன்னு கேட்டா. இன்னொரு கடுதாசி எழுதுன்னேன். இந்தத் தடவை அவளாவே அகராதியை எடுத்துப் பாத்துக்கிட்டா, பிழை இருந்தா அவங்க சிரிச்சிருவாங்களாம்!

நீங்க மொகத்தைச் சுளிக்கிறது தெரியுது. ‘இஷ்டத்துக்கு விட்டா ஆடு மாதிரி ஆயிரும்’னுதானே? ஆட்டைப் பத்தி எங்கிட்டச் சொல்றீங்களா தாயி? அறுவது வருசம் அதுக பின்னாடி நடந்தவன் நான். ஆடுன்னா ஒரு சாதி இல்லை. வெள்ளாடு இருக்கு, செம்மறி இருக்கு. செம்மறி தலையைத் தூக்காது, முன்னால போறதோட வாலைப் பாத்துக்கிட்டே போவும். முன்னால போறது கெணத்துல விழுந்தா இதுவும் விழும். வெள்ளாடு அப்படி இல்லை. இங்ஙன ரெண்டு கொழை கடிக்கும், அங்ஙன ரெண்டு கடிக்கும், பின்னங்காலை ஊனி எந்திரிச்சு உடைமரத்து நுனியை எட்டிப் பிடிக்கும். மேய்க்கிறவனுக்குத் தொல்லை பிடிச்ச சாதிதான். எங்க வீட்டுல இருந்து உங்ககிட்ட வர்றதெல்லாம் வெள்ளாடு தாயி. நீங்க என்ன மாயம் செய்வீங்களோ, எட்டாங்கிளாஸ் முடிச்சு வரும்போது செம்மறியா வந்து சேருது.

ஆட்டை அவுத்து விட்டுட்டு நான் படுத்துத் தூங்குவேன்னு நெனைக்காதீங்க. எந்தக் காட்டுக்குப் பத்துறதுன்னு நாந்தான் முடிவு பண்ணுவேன். பருத்திக்கு மருந்தடிச்சிருந்தா அந்தப் பக்கமே போவமாட்டேன். மழையில்லாம வாடி நிக்கிற இளஞ்சோளத்தைத் தின்னா ஆடு நுரை தள்ளி விழுந்துரும், அங்க நின்னு மறிப்பேன். ஆனா எந்தக் கொழையைக் கடிக்கணும்னு நான் சொல்லி ஒரு ஆடும் கடிச்சதில்லை. உசரத்துல நெத்து தொங்குச்சுன்னா தொரட்டியைப் போட்டுக் கொம்பை வளைச்சு விடுவேன். அம்புட்டுத்தான். கொழையைப் பறிச்சு வாய்க்குள்ள திணிச்சா சீக்காளி ஆடு வேணா திங்கும்.

அந்தத் தொரட்டி வேலைக்கு ஒரு கதை உண்டு. பழைய தமிழ்ப் பண்டிதரு ஒருத்தரு இந்தக் கல்லுல உக்காந்துதான் சொன்னாரு. 1880-ல கும்பகோணத்துல உ.வே. சாமிநாதையரு காலேஜு வாத்தியாரு. சேலம் ராமசாமி முதலியாருன்னு ஒரு முன்சீப்பு அங்க மாத்தலாகி வந்தாரு. ‘என்னென்ன படிச்சிருக்கீரு’ன்னு கேட்டாரு. இவரு அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ்னு மூச்சு விடாம அடுக்குறாரு. முதலியாரு அசையலை. சிந்தாமணி படிச்சிருக்கீரான்னு ஒரு கேள்வி கேட்டாரு. படிச்சதில்லை! அந்தக் கேள்வி குத்தின குத்துல ஏடு தேடிப் பொறப்பட்டவருதான். 1887-ல சிந்தாமணி அச்சுல வந்துச்சு, பெறகு இன்னும் எத்தனையோ. முதலியாரு பரிட்சையா வச்சாரு? மார்க்கா போட்டாரு? எட்டாத கொம்பை வளைச்சுக் காட்டினாரு. பேய்க்கதையே படிக்கிற பயலைப் பேய்க்கதை படிக்காதன்னு சொல்லாதீங்க. ‘இதுல வர்ற பேயி இதைவிடப் பெரிய பேயி’ன்னு சொல்லி, புதுமைப்பித்தன் எழுதினதுல ஒண்ணைக் காட்டுங்க.

அதுக்கு நீங்களும் நாலு காடு பாத்திருக்கணும். கேட்டாக் கோவிச்சுக்கிருவீங்களோ என்னமோ… நீங்க கடைசியா உங்க இஷ்டத்துக்கு என்ன புஸ்தகம் படிச்சீங்க? போட்டித் தேர்வு கைடு கணக்கு இல்லை. சரி விடுங்க, மோரைக் குடிங்க.

பத்தாங்கிளாசுல இதைச் செய்யச் சொல்லி நான் கேக்கலை. அங்க மார்க்கு வேணும், மனப்பாடமும் வேணும், நான் ஒண்ணும் வெவரம் கெட்டவன் இல்லை. ஆறு, ஏழு, எட்டு… இந்த மூணு வருசம் பெரிய பரிட்சை இல்லைல்லா? அதுல வாரத்துக்கு ஒரு பீரியடு. பீரோவைத் தொறந்து தரையில பரப்பிருங்க. மொத நா ‘எத்தனை பக்கம் எழுதணும் மிஸ்’னு கேக்கும், ரெண்டாம் நா இருக்கிறதுலயே மெல்லிசான புஸ்தகத்துக்கு அடிதடி நடக்கும். நடக்கட்டும். பிடிக்கலைன்னு பாதியில திருப்பிக் குடுத்தா வாங்கி வச்சுக்கோங்க, ஏன்னு கேக்காதீங்க. ரெண்டு புஸ்தகம் காணாமப் போவும். அதுக்கு நான் ஒரு குட்டி விக்கிற காசுல பொறுப்பு, பெரிய சார்வாள்கிட்டச் சொல்லிருங்க. களவு போற அளவுக்கு ஒரு புஸ்தகத்துக்கு மவுசு வந்துச்சுன்னா அது நல்ல சேதிதானே!

எழுதுறதுக்கும் அப்படித்தான். இந்தா கிட்டக்க இருக்கு இடைசெவல். அங்கன இருந்து கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன்னு ரெண்டு பேரு, சேக்காளிக. ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி குடுத்தாங்க, அவருக்கு 1970-ல, இவருக்கு 1991-ல. கி.ரா. காலேஜுல படிக்காதவரு, பெறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல பேராசிரியராப் போயி உக்காந்தாரு. நான் பேசுற இந்தப் பேச்சைத்தான் அவரு எழுதினாரு, அகராதியே போட்டாரு. அவரு எழுதினதுல ஒரு துண்டு உங்க பத்தாங்கிளாஸ் புஸ்தகத்துலயே இருக்காமே. அதையே என் பேரன் எழுதிக் குடுத்திருந்தா, ‘பேச்சு வழக்கு, நீக்குக’ன்னு செவப்பு மையால சுழிச்சிருப்பீங்களா இல்லையா? செத்தவரு எழுதினா எலக்கியம், பக்கத்து வீட்டுப் பய எழுதினாப் பிழை.

சரி, இப்ப விசயத்துக்கு வாரேன். இந்தாங்க, அவன் நோட்டு. பைக்குள்ள இருந்து நாந்தான் உருவினேன், அவனுக்குத் தெரியாது. முன்னாடி திருப்பாதீங்க, அங்க வெறும் தேதியும் தலைப்பும் கோடும்தான். புள்ளைக நோட்டைக் கடைசிப் பக்கத்துல இருந்து திருப்பணும். நீங்க முன்னாடி திருத்துவீங்கன்னு அதுகளுக்குத் தெரியும், அதனால அதுகளுக்குச் சொந்தமானதையெல்லாம் பின்னாடி எழுதும். பாத்தீங்களா, இது கிரிக்கெட்டு ஸ்கோரு. இது பேனா எழுதுதான்னு பாத்தது. இது பஸ்சு படம். மீசை வச்சது யாரு படம்னு கேக்காதீங்க… நீங்க இல்லை, நீங்க இல்லை, இது கணக்கு சாரு.

அடுத்த பக்கம். இதைப் படிங்க. கண்ணாடி இல்லாம எனக்கு முழுசாத் தெரியலை, எதுத்த வீட்டுப் புள்ளை படிச்சுச் சொன்னா. போன மாசம் ராத்திரி எங்க கருப்பி தலைச்சன் ஈத்து, குட்டிக்குக் காலு மடங்கிக்கிச்சு. நான் கையை விட்டு எடுத்தேன், இவன் பேட்டரி லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அதைத்தான் ஒண்ணரைப் பக்கம் எழுதியிருக்கான். குட்டி மீனு மாதிரி வழுக்கிக்கிட்டு வந்துச்சாம். லைட்டு ஆடிக்கிட்டே இருந்துச்சாம், தாத்தா ஆட்டாதடான்னு வஞ்சாராம், ஆனா ஆடினது லைட்டு இல்லை, அவன் கையாம். நஞ்சு விழுற வரைக்கும் தாத்தா பீடி பத்த வைக்கலையாம், பத்த வச்சதும்தான் எல்லாம் சரியாப் போச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுச்சாம். ‘சீம்பால்’ங்கிற எடத்துல பெரிய ற போட்டு ‘சீறும்பாள்’னு எழுதியிருக்கான், அதை அப்புறம் பாத்துக்கலாம். இதுக்குத் தலைப்பு இல்லை, முன்னுரை இல்லை, யாரும் எழுதச் சொல்லவும் இல்லை.

என்ன டீச்சரம்மா, கையில பேனாவை எடுத்துட்டீங்க? செவப்பா? மூடி வைங்க தாயி. ஒரு டிக்கு கூடப் போடக் கூடாது. திங்கக்கெழமை வகுப்புல, ‘போன மாசம் உங்க வீட்டுல நடந்தது எதையாச்சும் எழுதுறவங்க எழுதலாம், இஷ்டமில்லாதவங்க படிக்கலாம்’னு சும்மா சொல்லிட்டு, நீங்களும் ஒரு மூலையில உக்காந்து எதையாச்சும் எழுதுங்க. அவனை மட்டும் பாக்காதீங்க, பயலுக்குச் சந்தேகம் வந்துரும்.

அங்க பாருங்க புழுதி. இன்னிக்கு வெரசா வந்துட்டான், கருப்பி குட்டிக்குப் பால் குடுக்கிற நேரம் போல. நோட்டை இப்படிக் குடுங்க, பைக்குள்ள வச்சிருறேன். கேட்டான்னா, நீங்க கெடாக்குட்டி வெலை கேக்க வந்தீங்க, நான் ஆறாயிரத்துக்குக் கொறைக்க மாட்டேன்னுட்டேன். சரியா? கொஞ்சம் மொகத்தைக் கோவமா வச்சுக்கோங்க. ஆ, அது போதும்.